‘இரு’ என்னும் ஏவல்

பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று மாலை ரிகி சாப்பிடவில்லை.

உணவில் குறை ஒன்றும் இல்லை. கோழிச் சாற்றில் பிசைந்த சோறும் அதன்மேல் உதிர்த்த மீனுமாக, எப்போதும் வைக்கும் தகரக் கிண்ணத்தில், அடுக்களையில் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட அதே மூலையில் நோபுகோ தன் கையாலேயே வைத்திருந்தாள். பூனை சசாவின் தட்டு, நாய்க்கு எட்டாதபடி, குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் இருந்தது. நாயும் பூனையும் ஒரே கூரையின்கீழ் வாழும் வீட்டில் வேளைச் சாப்பாடு என்பது ஒரு தனி நிருவாகம். பூனை இரண்டு வாய் தின்னும். சன்னல் வழியே பனியைப் பார்க்கும். ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பி இன்னும் ஒரு வாய் தின்னும். நாயோ தன் பங்கை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுப் பூனையின் பங்குக்குப் பாயும். ஆகவே பூனை வயிறு நிறைந்து இறங்கும்வரை நாயை அதன் கிண்ணத்தின் முன்னால் உட்காரவைத்தாக வேண்டும். அதற்கு அந்தத் துறைமுக ஊரின் எல்லா வீடுகளிலும் இரண்டு சொற்களே வழங்கின. நிறுத்திவைக்க, "இரு." விடுவிக்க, "சரி."

சசா இறங்கிக் கூடத்துக்குள் நழுவியது.

"சரி," என்றாள் நோபுகோ.

ரிகி எழவில்லை. வால் ஒரு முறை தரையைப் பெருக்கி ஓய்ந்தது. கடைவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. ஆனால் அதன் கண்கள் கிண்ணத்தின்மேல் இல்லை, அவள்மேலும் இல்லை. அவள் தோளுக்கு மேலாக, திறந்திருந்த கதவு வழியே, கூடத்தில், அடியில் சூடேற்றிப் போர்வை போர்த்திய தாழ்வான கணப்பு மேசையின் தலைப்பக்கத்தில் கிடந்த வெற்று மெத்தையணையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அது அவளுடைய மாமனார் கன்ஜிரோ அமரும் இடம். அவர் இறந்து, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. துக்க வீட்டில் ஆட்கள் வந்துபோகிறார்கள் என்பதற்காக ரிகியை இத்தனை நாளும் அடுத்த வீட்டு மிச்சியோ வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல நல்லாத்தான தின்னான்!" என்றாள் மிச்சியோ, வேலிக்கு அப்பாலிருந்து. "என் புருஷன் பங்கையும் சேர்த்துத் தின்னான். உன் சமையல்தான் புடிக்கலையோ என்னவோ."

நோபுகோ சிரித்துவைத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் யாசுஹிகோ நாயின் முன் குந்தி அமர்ந்தான். "என்னடா, விரதமா? அப்பா ஞாபகமா?" என்று அதன் காதைத் திருகினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "விடு நோபு. துக்கம் நமக்கு மட்டும்தானா? ரெண்டு நாள்ல தானே தின்பான்," என்றான்.

அவன் சாப்பிட்டான். அவளும் சாப்பிட்டாள். அவள் மென்ற ஒவ்வொரு வாய்க்கும் நடுவே, மேசையின் தலைப்பக்கத்திலிருந்து மிக மெல்லிய ஓர் ஓசை எழுந்தது. வாயில் ஊறிய நீரைத் தொண்டை விழுங்கும் ஓசை. கணவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

கன்ஜிரோ துறைமுக மீன் சந்தையில் ஏலம் கூறியவர். இரைச்சலிடும் கூட்டத்தை ஒரே சொல்லில் நிறுத்தும் குரல் அவருடையது. வீட்டிலும் அவர் சாப்பாட்டுக் குச்சிகளை எடுக்கும்வரை யாரும் கிண்ணத்தைத் தொடுவதில்லை. நோபுகோ அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், அடுக்களையிலிருந்து சூப்பைக் கொண்டுவரும் அவசரத்தில், யாரிடம் பேசுகிறோம் என்று பாராமல் "கொஞ்சம் இரு" என்று குரல் கொடுத்துவிட்டாள். அவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"நாய்க்குச் சொல்றத எனக்குச் சொல்லாத," என்றார். அவள் அடுக்களைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்த ஓசையில் அழுதாள். பிறகு எத்தனையோ ஆண்டுகள் அவள் வாயிலிருந்து அவருக்கு அந்தச் சொல் தன் மரியாதை விகுதி இல்லாமல் வெளிவந்ததே இல்லை. "இருங்க மாமா, சூடா இருக்கு." "இருங்க மாமா, முள் எடுத்துத் தர்றேன்."

பின்பு அவருடைய மூளையில் ஏதோ ஓர் இரத்தக்குழாய் வெடித்தது. பெயர்கள் போயின, பகலும் இரவும் கலந்தன. சாப்பாட்டு வேளை ஒரு போராயிற்று. கொதிக்கும் சூப்பில் அவர் கையை விட்டார். பூனைத் தட்டுக்கு எட்டினார். நாய் அவர் மடியில் சிந்தியதற்குப் பாய்ந்தது. பூனை அவர் தோளில் ஏறி மீனை இழுத்தது. "இருங்க மாமா, இருங்க" என்று அவள் கெஞ்சினாள். அந்தச் சொல் அவர் காதில் ஏறவே இல்லை.

ஒரு நாள் ரிகி கிண்ணத்தின்மேல் பாய்ந்தபோது அவள் "இரு!" என்று கத்தினாள். நாய் உட்கார்ந்தது. நீட்டிய கை பாதியில் நிற்க, அவரும் நின்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்கள்மேல் ஒழுங்காக வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, அவள் முகத்தையே பார்த்தார்.

மரியாதை என்பது சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் அசைதான். அதை வெட்டுவதற்குக் கோபம்கூடத் தேவையில்லை, அவசரம் போதும். அவள் மலைத்து நின்றது ஒரு கணமே. அடுத்த கணம் பூனைக்கு மீனை உதிர்த்தாள், சூப்பை ஆற்றினாள், முள்ளை எடுத்தாள். எல்லாம் முடிந்ததும், "சரி," என்றாள். நாய் சாப்பிட்டது. அவரும் சாப்பிட்டார்.

அன்று முதல் இருவருக்கும் ஒரே சொல்லாயிற்று. கணவன் வீட்டில் இருக்கும்போது மட்டும் "இருங்க மாமா" என்பாள். கிழவர் கேட்கமாட்டார், சூப் கவிழும். "எவ்வளவு பொறுமை உனக்கு!" என்று யாசுஹிகோ கண் கலங்குவான். அவள் துணியை எடுத்துத் துடைப்பாள். அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ரிகி மறுநாளும் சாப்பிடவில்லை. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். "இப்படியே போனா தாங்காதும்மா," என்றும் சொன்னார். வீட்டு வாசலைத் தாண்டியதும் நாய் நேராகத் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் எடுத்து ஊட்டினாலும் சோறு அதன் பற்களுக்கு வெளியே நின்றது. விலா எலும்புகள் தோலுக்கடியில் ஒவ்வொன்றாக எழுந்தன.

சசாவோ பெருத்தது. குளிர்சாதனப் பெட்டியின் உச்சியில் வைத்த தட்டை அது முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு மாலை, விளக்கைப் போடக் கூடத்துக்கு வந்த நோபுகோ அது எங்கே உண்கிறது என்பதைக் கண்டாள். வெற்று மெத்தையணைக்கு முன்னால், ஒன்றுமில்லாத மேசைப் பரப்பில், முன்கால்களை ஊன்றித் தலையைச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டு அது மென்றுகொண்டிருந்தது. தாடைகள் அசைந்தன. ஏதோ ஒரு முள் பல்லில் நொறுங்கும் ஓசை கேட்டது.

"சூ!" என்றாள். பூனை நாவால் மூக்கை நக்கிக்கொண்டு நிதானமாக இறங்கியது. பூனைக்கு எந்தச் சொல்லும் கிடையாது.

அவள் மெத்தையணையைத் தொட்டுப் பார்த்தாள். முன்விளிம்பு ஈரமாக இருந்தது. மூட்டுவலிக்கு அவர் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்திரியின் கற்பூர நெடி அதிலிருந்து எழுந்தது. உறையைக் கழற்றித் துவைத்தாள். காயவைத்தாள். மறுநாள் மாலை, மறுபடியும் ஈரம். ஒருவருடைய மோவாயிலிருந்து சொட்டினால் எங்கே விழுமோ, அங்கே.

அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாததால் அது தெரியாததாகிவிடவில்லை.

அவர் இறந்த அன்று நண்பகல், மூன்று உணவுகளையும் வைத்துவிட்டு, சூப் ஆறட்டும் என்று "இரு" என்றாள். அவர் கைகளை முழங்கால்கள்மேல் வைத்தார். ரிகி உட்கார்ந்தது. அப்போது மிச்சியோ வாசலில் கூப்பிட்டாள்.

"முள்ளங்கி ஊறப்போடுறோம், ஒரு கை குறையுது. அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போயேன்!"

போனாள். உப்பும் தவிடும் மணக்கும் அந்தக் கொட்டகையில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தேநீர் ஊற்றினார்கள். யாரோ தன் கணவனின் குறட்டையைப் பற்றிச் சொன்னார்கள். நோபுகோ நெடுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தாள். மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளால் முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் மறக்கவில்லை. தேநீர்க் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது தெளிவாக நினைவு வந்தது. நினைவு வந்ததும் அவள் எண்ணியது இதுதான்: ‘அவர் இருப்பார்.’

தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது வீடு திரும்பினாள்.

அவர் இருந்தார். நிமிர்ந்து, கைகள் முழங்கால்கள்மேல். சூப்பின்மேல் ஆடை படிந்திருந்தது. மீன் இருந்த தட்டில் முள்கூட இல்லை. சசா பக்கத்தில் அமர்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. அவருடைய மார்புத் துணி எச்சிலில் ஊறித் தொப்பலாய் இருந்தது. கீழுதட்டில் ஒரு சிறு கடி. இரத்தம் வராத கடி. தொட்டாள், மரக்கட்டைபோல் குளிர்ந்திருந்தார்.

அவள் முதலில் செய்தது தொலைபேசியை எடுத்ததன்று. மோவாயைத் துடைத்தாள். மார்புத் துணியை மாற்றினாள். பிறகே கூப்பிட்டாள். இதயம் நின்றுவிட்டது, அமைதியான சாவு என்றார் மருத்துவர். "சாப்பிட்டுட்டு இருந்தாரா?" என்று கேட்டார். "பசிக்கலைன்னுட்டார்," என்றாள். "உதட்டுல என்ன?" "சவரம் பண்ணும்போது..." என்றாள். அந்தப் பரபரப்பில் ரிகியின் கிண்ணத்தை யாரோ எடுத்துக் கழுவிவிட்டார்கள். மிச்சியோ நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். "சரி" என்ற சொல்லை அன்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள், பூசகர் வந்து மந்திரம் ஓதினார். இறந்தவர் இன்றோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறார் என்று அறிவித்துவிட்டுத் தேநீர் குடித்துப் போனார். வெளியூரிலிருந்து யாசுஹிகோவின் அக்கா தொமிகோ வந்திருந்தாள். அப்பாவின் குரலில் பாதி அவளுக்கு வாய்த்திருந்தது.

"என்னடி நோபு, இந்த நாய் எலும்புக்கூடா நிக்குது? வீட்டுக்கு வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"சாப்பிட மாட்டேங்குதுக்கா."

"கொடு இங்க. சாப்பிடவைக்கிறேன் பாரு." தொமிகோ கிண்ணத்தைக் கொண்டுவந்து, உறவினர் எல்லாரும் பார்க்க, கூடத்து வாசலிலேயே வைத்தாள். "இரு!" ரிகி நடுங்கியபடி அமர்ந்தது. "சரி!"

ரிகி மெத்தையணையைப் பார்த்தது.

"அடேயப்பா! இன்னும் அப்பா உத்தரவுக்குக் காத்திருக்கான் பாருங்கடா," என்றான் யாசுஹிகோ. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே தொமிகோ அழுதுவிட்டாள். நோபுகோவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண்ணு நான் செய்யாததை நீ செஞ்சே. கடைசி வாய் வரைக்கும் ஊட்டிவிட்டே. உனக்குக் கும்பிடு போடணும்டி," என்றாள். சொன்னதோடு நில்லாமல், பாய்மேல் கைகளை ஊன்றி, நெற்றி தரையில் பட வணங்கினாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். மெத்தையணையைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். ஏன் சொன்னாய் என்று கேட்பார்கள். எந்தச் சொல்லுக்கு அது மறுமொழி என்று கேட்பார்கள். நாயின் விலா ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"என்னக்கா இது, எழுந்திருங்க," என்றாள்.

தொண்டை நீரை விழுங்கும் ஓசை, மிக அருகில், அவள் காதோரம் கேட்டது.

பனி வலுப்பதற்குமுன் அக்காவை நிலையத்தில் விட்டுவருவதாக யாசுஹிகோ புறப்பட்டான். காரின் ஓசை தேய்ந்ததும் நோபுகோ மரக்கதவுகளை எல்லாம் இழுத்துச் சாத்தினாள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது. வெளியே மாலை ஒளி நீலமாகப் பனிமேல் கிடந்தது. கணப்பு மேசையின்கீழ்ச் சூடு கம்பிகள் சிவந்து முனகின.

அவள் மூன்று உணவுகளை எடுத்துவைத்தாள். குளிர்சாதனப் பெட்டிமேல் பூனைக்கு. மூலையில் நாய்க்கு. மெத்தையணையின் முன்னால், தட்டத்தில், சோறும் மிசோ சூப்பும் முள் எடுத்த மீனும். தன் கிண்ணத்தையும் சூப்பையும் மீன் தட்டையும் எதிரே வைத்தாள். பிறகு மண்டியிட்டு, கண்களைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையுடன், "சாப்பிடுங்க மாமா," என்றாள்.

ஒன்றும் நிகழவில்லை.

"தயவுசெய்து சாப்பிடுங்க. தப்புதான். சாப்பிடுங்க."

ரிகியின் எச்சில் சொட்டியது. மெத்தையணையின் விளிம்பிலும் ஏதோ சொட்டியது. அவளுக்குப் புரிந்தது. மரியாதையோடு கட்டிய கட்டன்று அது, மரியாதையால் அவிழாது. எந்தச் சொல்லின் இணையோ அந்தச் சொல் வேண்டும். வெறுஞ்சொல். நாய்க்குச் சொல்வது.

முகம் எரிந்தது. காதுகள் எரிந்தன. இறந்த மனிதரின் முன்னால், புகுந்த வீட்டின் தலைவரின் முன்னால், அவள் நிமிர்ந்து, அந்த வெற்றிடத்தை நேராகப் பார்த்தாள்.

"சரி."

தகரக் கிண்ணம் தடதடத்தது. ரிகி மூச்சுவிடாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. அதே கணத்தில், மேசைக்கு எதிர்ப்புறம், குச்சிகள் பீங்கானைத் தட்டின. சூப்பை உறிஞ்சும் நீண்ட ஓசை. மெல்லும் ஓசை. பசித்தவனின் ஓசை. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். அது நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றது.

கண்களைத் திறந்தாள். கிண்ணம் காலி. குச்சிகள் ஒழுங்காகக் கிடைமட்டமாக வைக்கப்பட்டிருந்தன. கற்பூர நெடி இல்லை. ரிகி மூலையில் சுருண்டு பெருமூச்சுவிட்டது.

முடிந்தது. யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. அவள் அழுதாள், பிறகு கண்ணீரோடேயே சிரித்தாள். திடீரென்று பசித்தது. பல நாள் பசி. போர்வைக்கடியில் கால்களை நுழைத்துக்கொண்டு தன் கிண்ணத்தை அருகே இழுத்தாள். மீனின் தோல் மொறுமொறுப்பாக மணத்தது. குச்சிகளை எடுத்தாள்.

"இரு."

நோயாளியின் குரலன்று. சந்தைக் கூட்டத்தை நிறுத்தும் குரல். அதன் வாலில் எந்த அசையும் ஒட்டியிருக்கவில்லை.

குச்சிகள் விழுந்தன. அவள் கைகள் தாமாகவே நகர்ந்தன. உள்ளங்கைகள் முழங்கால்கள்மேல் படிந்தன. முதுகு நிமிர்ந்தது.

எழ முயன்றாள். முடியவில்லை. கத்த முயன்றாள். வாயில் நீர்தான் ஊறியது.

தொலைபேசி மணி அடித்தது. கைக்கு எட்டும் தொலைவு. அடித்தது. அடித்தது. பதிவுக் கருவி சொடுக்கிக்கொண்டு எடுத்தது.

"நோபு? பனியில ரயிலெல்லாம் நின்னுபோச்சு. ரோட்டையும் மூடிட்டாங்க. நானும் அக்காவும் இங்கேயே தங்கிக்கறோம். நாளைக்கோ, நாளான்னைக்கோ தெரியல. நீ எனக்காகக் காத்திருக்காத, என்ன? சாப்பிடு."

சொடுக்கு. அமைதி.

சூப்பின் ஆவி மெலிந்தது. நின்றது. மேலே ஆடை படியத் தொடங்கியது. கடைவாயிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாக இறங்கி, மோவாயில் நின்று, மார்பில் சொட்டியது. துடைக்கக் கை வரவில்லை.

மேசையின்மேல் மெத்தென்று ஏதோ குதித்தது. சசா. அது அவள் மீனைத் தின்றது. நிதானமாக, இரண்டு வாய்; சன்னலை ஒரு பார்வை; இன்னும் ஒரு வாய். தோலைத் தின்றது. முள்ளை நொறுக்கித் தின்றது. தட்டை நக்கி முடித்தது.

பிறகு முன்கால்களை அவள் மார்பின் ஈரத்தில் ஊன்றி எழுந்து நின்று, அவள் கீழுதட்டை முகர்ந்தது.